அறுந்த சிவப்பு நிரல்: வீட்டு வெப்பமானியைத் திருத்தும் முறை

வன்னியில் இப்போது பல வீடுகளில் ஒரு வெப்பமானியாவது இருக்கிறது. குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருப்பவர்கள், தயிர் உறைய வைத்து விற்பவர்கள், கொட்டிலில் காளான் வளர்ப்பவர்கள் எனப் பலரும் அதைப் பார்த்தே வேலை செய்கிறார்கள். சிவப்பு அல்லது நீல நிறத் திரவம் கொண்ட இந்த மலிவான கண்ணாடி வெப்பமானிகள் நன்றாகவே உழைக்கும். ஆனால் அவற்றுக்கு ஒரு குணம் உண்டு: பழுதானாலும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது, வீட்டில் உள்ள பொருட்களைக் கொண்டு எப்படித் திருத்துவது, திருத்தியது சரிதானா என்று எப்படி உறுதிசெய்வது என்பதை, இதுவரை இந்த வேலையைச் செய்திராதவர்களுக்காக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒட்டுசுட்டான் பக்கத்தில் வசிக்கும் உறவுக்கார அக்கா ஒருவர் மின்விசிறி பொருத்திய குஞ்சு பொரிக்கும் பெட்டியில் 40 முட்டைகள் வைத்தார். வெப்பமானி எந்நேரமும் 37.5 பாகை செல்சியஸ் காட்டும்படி இரவிலும் எழுந்து பார்த்துப் பெட்டியைச் சரிசெய்துவந்தார். 21ஆம் நாள் கடந்தும் ஒரு குஞ்சும் வெளிவரவில்லை. முட்டையில் பிழை என்றார், சேவலில் பிழை என்றார். வெப்பமானியை அவர் சந்தேகிக்கவே இல்லை. அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, குழாயின் உச்சியில், சட்டத்தின் கம்பி மறைத்திருந்த இடத்தில், இரண்டு பாகை நீளமான சிவப்புத் துண்டு ஒன்று தனியே ஒட்டிக்கிடந்தது. நிரலில், அதாவது குழாய்க்குள் ஏறி நிற்கும் திரவக் கோட்டில், சேர்ந்திருக்க வேண்டிய அந்த இரண்டு பாகை மேலே போய்விட்டபடியால், 37.5 என்று காட்டிய நேரமெல்லாம் பெட்டிக்குள் உண்மையில் 39.5 பாகை இருந்திருக்கிறது. அந்தச் சூட்டைப் பல நாட்களுக்குக் கருக்கள் தாங்கமாட்டா. மாங்குளத்தில் வாங்கிய வெப்பமானி, பேருந்தில் பையின் அடியில் படுத்த வாக்கில் குலுங்கிக் குலுங்கி வந்திருந்தது.

பழுது எப்படி உண்டாகிறது

வெப்பமானியின் அடியில் உள்ள குமிழில்தான் திரவத்தின் பெரும்பகுதி இருக்கிறது. வீட்டு வெப்பமானிகளில் அது பெரும்பாலும் நிறமூட்டிய மதுசாரம், அல்லது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஓர் எண்ணெய். சூடேறும்போது திரவம் விரிந்து மயிர்த்துளை வழியாக மேலே ஏறுகிறது. மதுசாரம் இரசத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு விரியும் என்பதால், துளை சற்று அகலமாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். துளையின் உச்சியில், அளவிடைக்கும் மேலே, திரவம் மிஞ்சி ஏறினால் தங்குவதற்கென ஒரு சிறு வெற்றறை பல வெப்பமானிகளில் இருக்கும்.

குலுக்கத்தாலோ, படுக்க வைத்துக் கொண்டுசெல்வதாலோ நிரலின் நடுவில் ஆவிக் குமிழி ஒன்று புகுந்துகொள்ளும். இரண்டாவது காரணம் நம்முடைய வெயில். மதுசாரம் 78 பாகையில் கொதிக்கும் திரவம். கொதிக்காமலே அது எப்போதும் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டிருக்கும். குமிழும் நிரலும் சூடாகவும் குழாயின் உச்சி சற்றுக் குளிராகவும் இருந்தால், அந்த ஆவி உச்சியில் போய் மீண்டும் திரவமாகப் படியும். இங்கே புதியவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. நிறச்சாயம் ஆவியாவதில்லை, ஆகவே இப்படி உச்சியில் படிந்த மதுசாரம் சிவப்பாக இராது, தண்ணீரைப் போல நிறமற்றே இருக்கும். நிரல் அறுந்துபோகவில்லை, முழுதாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். வெப்பமானியோ ஒன்றரைப் பாகை குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் கூர்ந்து பார்த்தல்

வெப்பமானியைச் சட்டத்திலிருந்து கழற்ற முடியுமானால் மெதுவாகக் கழற்ற வேண்டும். கழற்றும் முன், குழாயும் சட்டமும் எந்த இடத்தில் பொருந்தியிருந்தன என்பதைப் பென்சிலால் ஒரு கோடிட்டுக் குறித்துக்கொள்வது அவசியம். இதை மறந்தால் பின்னர் பெரிய தொல்லை. கம்பியோ பசையோ இறுக்கமாகப் பிடித்திருந்தால் வலிந்து இழுக்காமல், சட்டத்தோடேயே வேலை செய்யலாம்.

குழாயின் பின்னால் வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து ரோச் லைற் அடித்து, குமிழிலிருந்து உச்சிவரை விரல் விரலாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. கைத்தொலைபேசியின் கமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும். நிறமற்ற துளி இருக்கும் இடத்தில் துளையின் மினுக்கம் மாறுபடும்; குழாயை இலேசாக உருட்டினால் அதன் வளைந்த விளிம்பு தெரியும்.

கண்டுபிடித்ததை வைத்து வழுவின் அளவையும் இப்போதே கணிக்கலாம். துண்டு ஒன்று உச்சியில் பிரிந்து கிடக்க, நாம் கீழ் நிரலின் முனையை வாசிக்கிறோம் என்றால், அந்தத் துண்டின் நீளம் எத்தனை பாகையோ அத்தனை பாகை குறைவாக வாசிக்கிறோம். நிரலின் நடுவில் இடைவெளி விழுந்து, அதற்கு மேலுள்ள முனையை வாசிக்கிறோம் என்றால், இடைவெளியின் அளவுக்கு அதிகமாக வாசிக்கிறோம். உடனே திருத்த நேரமில்லாதவர்கள் இந்தக் கணக்கைக் கூட்டியோ கழித்தோ ஓரிரு நாட்களைச் சமாளிக்கலாம்.

குமிழிலோ குழாயிலோ மயிரிழை வெடிப்பு இருந்தாலும், குமிழின் அடியில் ஈரக்கசிவோ மதுசார வாசமோ இருந்தாலும், அந்த வெப்பமானியைத் திருத்த முடியாது. வெள்ளி நிறத்தில் பளபளக்கும் நிரல் இருந்தால் அதை இரசம் என்றே எண்ணி, கீழே வரும் எந்த முறையையும் செய்யாமல், இரசத்தைப் பற்றிய பகுதிக்குச் செல்லவும்.

நிரலை ஒன்றுசேர்த்தல்

நான்கு முறைகள் உண்டு. எளிதானதில் தொடங்கி, அது பலிக்காவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போக வேண்டும். கண்ணாடி உடையக்கூடும் என்பதால், மூக்குக்கண்ணாடி ஏதாவது அணிந்துகொண்டு, பிள்ளைகளை விலக்கி, மேசைமேல் தடித்த துவாய் ஒன்றை நாலாக மடித்து விரித்துக்கொள்ளவும்.

முதலாவது தட்டுதல். குழாயை நிமிர்த்திப் பிடித்து, குமிழ் இருக்கும் அடிப்பக்கம் துவாயில் படும்படி, முட்டையை உடைக்கும் விசையில் பாதிகூட இல்லாமல், ஓரிரு நிமிடங்கள் சீராகத் தட்ட வேண்டும். இடையிடையே விரலால் குழாயைச் சுண்டலாம். சிறிய துளிகள் இதிலேயே வழுகி இறங்கிவிடும். பிறகு ஓர் இரவு முழுவதும் நிமிர்த்தி வைக்க வேண்டும், ஏனெனில் மதுசாரம் கண்ணாடியில் ஒட்டும் இயல்புடையது. சுவரில் ஒட்டியது வடிந்து நிரலில் சேர நேரமெடுக்கும்.

இரண்டாவது வீசுதல். குழாயைத் துணியில் சுற்றி, குமிழ் கீழே இருக்கும்படி மேல்நுனியை இறுகப் பிடித்து, காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானியை உதறுவதுபோல மேலிருந்து கீழாகச் சட்டெனக் கையை வீசி நிறுத்த வேண்டும். இதைவிட நல்ல வழி, காலுறை ஒன்றின் நுனியில் பஞ்சை அடைத்து, குமிழ் அந்தப் பஞ்சில் படும்படி வெப்பமானியை உள்ளே வைத்து, காலுறையின் வாயை நைலோன் கயிற்றால் இறுகக் கட்டி, முற்றத்தில் நின்று வட்டமாகச் சுழற்றுவது. சுழற்சியின் வெளிப்புறத்தில் குமிழ் இருப்பதால் திரவம் முழுவதும் குமிழை நோக்கித் தள்ளப்படும். பத்துப் பதினைந்து சுற்றுகள் போதும். வீட்டுக்குள்ளோ, மரக்கிளைக்கு அடியிலோ, கதியால் வேலிக்குப் பக்கத்திலோ நின்று இதைச் செய்யவே கூடாது.

மூன்றாவது குளிரூட்டல். எனக்கு அதிகம் கைகொடுத்த முறை இதுதான். ஐஸ் கட்டிகளைச் சாக்கில் போட்டு நொறுக்கி, மூன்று பங்கு ஐசுக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் ஒரு பேணியில் கலக்க வேண்டும். ஆனையிறவுக் கல்லுப்பு இருந்தால் அதைச் சற்று இடித்துப் போட்டாலே போதுமானது. ஐசும் உப்பும் சேரும்போது குளிர் பூச்சியத்துக்குக் கீழே வெகுதூரம் இறங்கும். நன்றாக அமைந்த கலவை −21 பாகை வரை போகலாம், வீட்டுப் பேணியில் அவ்வளவு கிடைக்காவிட்டாலும் வேலை நடக்கும். வெப்பமானியை நிமிர்த்திப் பிடித்து, குமிழ் மட்டும் கலவைக்குள் இருக்கும்படி இறக்க வேண்டும். குழாயின் மேல்பாதி வெளியே, கைச்சூட்டில் இருக்கட்டும். குமிழ் குளிரக் குளிர நிரல் கீழே இறங்கும். சூடான மேற்பகுதியில் ஒட்டியிருக்கும் மதுசாரம் ஆவியாகிக் குளிர்ந்த கீழ்ப்பக்கம் நோக்கி நகரும். குழாய் முழுவதையும் கலவைக்குள் அமிழ்த்தினால் இந்த நன்மை கிடைக்காது. நிரல் குமிழின் வாய்வரை இறங்கியதும், குழாயை இலேசாகச் சுண்டினால் பிரிந்த துண்டும் வழுகிவந்து சேரும். முதல் தடவையில் சேராவிட்டால் பொறுமையாக இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்யலாம். சேர்ந்த பின் வெளியே எடுத்து, நிமிர்த்தியபடியே, தானாக அறைச்சூட்டுக்கு வர அரைமணி நேரம் விட வேண்டும். குளிர்ந்த கண்ணாடியைச் சுடுதண்ணீரில் வைத்து அவசரப்படுத்தினால் அது வெடிக்கும்.

நான்காவது சூடாக்கல். உச்சியில் வெற்றறை இருக்கிறது என்று கண்ணால் கண்ட பின்னரே இதைச் செய்யலாம். இல்லையென்றால் இந்த முறையை விட்டுவிடுங்கள். கோப்பையில் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, குமிழை அதில் வைத்து, கொதிதண்ணீரைத் தேக்கரண்டி தேக்கரண்டியாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். நிரல் மெல்ல ஏறி, பிரிந்த துண்டை வெற்றறைக்குள் தள்ளி, தானும் அறையின் வாயைத் தொட்டதும் உடனே நிறுத்திக் குழாயைச் சுண்ட வேண்டும். இடையிலிருந்த ஆவிக் குமிழி அறைக்குள் எழும்பிவிட, திரவம் ஒன்றுசேரும். அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்ப விடக்கூடாது. அது முழுதாக நிரம்பிவிட்டால், மேலும் ஒரு பாகை ஏறினாலே குமிழ் வெடித்துவிடும். நெருப்புக்குச்சி, குப்பிவிளக்கு, அடுப்பு ஆகியவற்றில் நேரே காட்டுவது முற்றிலும் தவறு: சூடு சீராகப் பரவாது, உள்ளே இருப்பதோ தீப்பற்றும் திரவம்.

பூச்சியத்தில் வைத்துச் சரிபார்த்தல்

நிரல் ஒன்றுசேர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் வெப்பமானியை மீண்டும் மாட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி எங்காவது மிஞ்சியிருக்கலாம், குழாய் அளவிடையில் இருந்து விலகியிருக்கலாம். ஆகவே உருகும் ஐசில் வைத்துப் பார்க்காமல் எந்த வெப்பமானியையும் நம்பக்கூடாது என்பது என்னுடைய உறுதியான கருத்து.

இந்தச் சோதனைக்கு உப்பு ஆகாது. மீன்வாடியில் வாங்கும் ஐசில் கடல்நீரும் மீன்நீரும் பட்டிருக்கும். கடல்நீரின் உறைநிலை −1.9 பாகை என்பதால் அந்த ஐஸ் நம்மைப் பிழையாக வழிநடத்தும். எங்களுடைய கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது, சில இடங்களில் உவர். அதனால் மாரியில் பிடித்த மழைத்தண்ணீரையோ, கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரையோ குளிர்சாதனப்பெட்டியில் ஐஸாக்கிக்கொள்வது சிறந்தது. பற்றரிக்கென அமிலம் கலந்தும் விற்கிறார்கள். வாங்கும்போது வெறும் காய்ச்சிவடித்த நீர்தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

நொறுக்கிய ஐசை வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்றில் நிரப்பி, இடைவெளிகள் மூடும் அளவுக்கு மட்டும் அதே தண்ணீரை ஊற்ற வேண்டும். தண்ணீர் அதிகமானால் ஐஸ் மிதந்து, அடியில் வெறும் தண்ணீர் தங்கும். அந்த அடித்தண்ணீர் 4 பாகை வரை இருக்கலாம். குமிழும் நிரலின் கீழ்ப்பகுதியும் ஐசுக்குள் புதையும்படி வைத்து, பத்து நிமிடங்கள் பொறுத்து, கண்ணை நிரலின் முனைக்கு நேர்மட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் பாடசாலையில் படித்த அதே இடமாறு வழு வந்துவிடும். மதுசாரத்தின் முனை குழிந்திருக்கும். அந்தக் குழிவின் அடியைத்தான் வாசிக்க வேண்டும்.

பூச்சியம் காட்டினால் நல்லது. ஒரு பாகை கூடவோ குறையவோ காட்டி, நிரலும் முழுதாக இருந்தால், குழாய் சட்டத்தில் வழுகியிருக்கிறது என்று பொருள். மரத்திலும் பிளாஸ்ரிக்கிலும் பொருத்திய மலிவான வெப்பமானிகளில் இது மிகச் சாதாரணம். வெப்பமானி ஐசில் இருக்கும்போதே குழாயை மெதுவாக நகர்த்தி, நிரலின் முனையை அளவிடையின் பூச்சியத்துக்கு நேரே கொண்டுவந்து, கோடிட்டு, வெளியே எடுத்துத் துடைத்து உலர்த்திய பின் சிலிக்கோன் பசையை இரண்டு இடத்தில் பொட்டாக வைத்தால் போதும். அளவிடை குழாயிலேயே பொறிக்கப்பட்டிருந்தால் நகர்த்த வழியில்லை. வித்தியாசத்தை எழுதிவைத்துக் கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய கண்ணாடி ஆண்டுக்கணக்கில் மிக மெல்லச் சுருங்குவதால், நல்ல வெப்பமானியின் பூச்சியம்கூடக் காலப்போக்கில் சற்று மேலேறும். ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1844 முதல் 1882 வரை தம்முடைய வெப்பமானி ஒன்றின் பூச்சியத்தைத் தொடர்ந்து குறித்துவந்தார். அத்தனை ஆண்டுகளிலும் அது ஏறிக்கொண்டேதான் இருந்தது.

குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கான வெப்பமானியை இன்னோர் இடத்திலும் சோதிப்பது நல்லது. பிளாஸ்கில் 38 பாகையளவில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, நன்றாகக் கலக்கி, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியின் முனையையும் நம்முடைய குமிழையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒப்பிடலாம். 42 பாகைக்கு மேற்பட்ட தண்ணீரில் டிஜிட்டல் வெப்பமானியை வைக்க வேண்டாம். கொதிதண்ணீரில் 100 பாகையைச் சோதிப்பது 110 வரை அளவிடை உள்ள ஆய்வுகூட வெப்பமானிகளுக்கு மட்டுமே உரியது. வன்னி தாழ்ந்த சமநிலம் என்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 100 பாகையிலேயே கொதிக்கும், நுவரெலியாவில் அது ஏறத்தாழ 94 தான். 50 பாகை வரை அளவுள்ள வீட்டு வெப்பமானியைக் கொதிதண்ணீரில் வைத்தால் அது அங்கேயே வெடித்துவிடும்.

அளவிடையின் கோடுகள் அழிந்திருந்தால், பொறித்த கோடுகளின் மேல் கறுப்பு மெழுகுக் கட்டியைத் தேய்த்து, மேலே மிஞ்சியதைக் கடதாசியால் துடைத்தெடுக்கலாம். வெயிலில் வெளிறிப்போன திரவத்துக்கு மருந்தில்லை.

இரசம் உள்ள வெப்பமானிகள்

காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானிகளில் இரசம் இருக்கிறது. அவற்றின் குமிழுக்கு மேலே துளை ஒடுக்கப்பட்டிருப்பதால், நிரல் அங்கே அறுந்து நிற்பது பழுதல்ல, உதறினால் இறங்கிவிடும். அதற்கு மேல் எதுவும் செய்ய முயலக்கூடாது. இரசத்தின் ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, இரச வெப்பமானிகளை 2020உடன் கைவிட வேண்டிய பொருட்களில் ஒன்றாகச் சேர்த்திருப்பதும் இதனால்தான்.

அப்படி ஒன்று உடைந்துவிட்டால், பிள்ளைகளையும் கோழி, நாய்களையும் வெளியேற்றி, யன்னல்களைத் திறக்க வேண்டும். கையில் உள்ள மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இரசம் தங்கத்தோடு சேர்ந்து அதைக் கெடுத்துவிடும், பெண்கள் கழுத்திலுள்ள தாலிக்கொடி தொங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தும்புத்தடியால் கூட்டினால் மணிகள் சிதறி இன்னும் சிறிதாகிப் பரவும். தடித்த மட்டை இரண்டைக் கொண்டு மணிகளை ஒன்றாக ஒதுக்கி, சிறியவற்றை ஒட்டுநாடாவால் தொட்டெடுத்து, சிறிது தண்ணீர் உள்ள பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு இறுக மூட வேண்டும். விளக்கை அணைத்து, ரோச் லைற்றைத் தரையோடு தரையாக அடித்தால் மிஞ்சியவை மின்னும். அந்தப் போத்தலைக் கிணற்றடியிலோ குளக்கரையிலோ புதைக்காமல், பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு ஒப்படைக்க வேண்டும்.

மாட்டும் இடம்

திருத்திய வெப்பமானியை எப்போதும் நிமிர்ந்த நிலையிலேயே தொங்கவிட வேண்டும். காற்றின் வெப்பத்தை அளப்பதென்றால், நிழலான வடக்குச் சுவரில் மாட்டும்படி வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அது வன்னிக்கு முழுதாகப் பொருந்தாது. நாம் வடக்கு அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகையில் இருப்பதால், சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்குச் சுவரும் காயும். தகரக் கூரையின் அடியும் கூடாது, அதன் கனல் நேரே குமிழில் விழும். விறாந்தையின் உட்புறத்தில், சுவரோடு ஒட்டாமல் ஒரு சிறு மரத்துண்டு இடையில் வைத்து, நெஞ்சு மட்டத்தில், காற்றோடும் இடத்தில் மாட்டுவதே சரி.

சட்டத்தின் பின்புறத்தில் சோதித்த திகதியையும், ஐசில் அது காட்டிய எண்ணையும் எழுதி ஒட்டிவிடவும். பேருந்தில் கொண்டுபோன ஒவ்வொரு தடவைக்குப் பிறகும், முட்டை வைக்கும் ஒவ்வொரு தடவைக்கு முன்பும் திரும்பச் சோதித்து, அந்தத் திகதியை மாற்ற வேண்டும். அக்காவின் பெட்டியில் இப்போது இருப்பது, உப்பும் ஐசும் வைத்து நிரலைச் சேர்த்த அதே வெப்பமானிதான். அதன் பின்னால் பென்சிலால் எழுதிய திகதிகள் நான்கு வரியாகிவிட்டன.